ஏழு மணி மிஸ்டு கால்

டப்பாவை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

ஆரஞ்சு நிறம். பளிச்சென்ற ஆரஞ்சு.

காசநோய் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறவருக்குச் சிறுநீர் இப்படித்தான் போகும். எதிரே வாசலில் நிற்கிற நோயாளி சண்முகவேல் ஒழுங்காக விழுங்குகிறார் என்று டப்பா சத்தியம் செய்தது.

அவள் நம்பவில்லை.

பதினைந்து வருடமாகக் காசநோய்ப் பிரிவுக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, அவள் தலை மறைந்ததும் துப்பியவர்களைப் பார்த்திருக்கிறாள். கோழிக்குப் போட்ட ஒரு மகராசனையும் பார்த்திருக்கிறாள். சிறுநீர் கேட்டதற்கு டீத்தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டியவர் இதே தெருவில்தான் இருக்கிறார்.

டப்பாவை விரலால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. டீத்தண்ணீர் இல்லை.

பிறகு ஏன் இந்த மனிதர் இப்படி உருகுகிறார்?

இரண்டு மாதத்தில் மூன்று கிலோ குறைந்திருக்கிறது. பரோட்டா மாவை நாள் முழுக்கத் தூக்கி அடித்த கை, இப்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

மாத்திரை போட்டதும் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தினமும் காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து வந்துவிடும். ஞாயிறு, பண்டிகை எதுவும் தப்பியதில்லை. அந்த ஒழுங்குதான் அவளை உறுத்தியது.

குடிக்கிறாரோ?

கண்ணைப் பார்த்தாள். குடிக்கிற கண் இல்லை. பயந்த கண்.

மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன பயம்?

முதல் நாளே வண்டியைத் தெருமுனையில் நிறுத்தச் சொன்னார். வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். மகளுக்கு வரன் பார்க்கிறாராம்; வருகிற புதன்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். விஷயம் வெளியே கசிந்தால் சம்பந்தம் முறிந்துபோகுமாம். பெண்ணைப் பெற்றவர் சொல்வது நியாயம்தான் என்று அவளும் கேட்டுக்கொண்டாள்.

வீட்டில் வேறு யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டபோது மட்டும், அவள் கேட்டு முடிக்கும் முன்பே இல்லை என்றார்.

இன்று டப்பாவோடு புழக்கடைக்குப் போனவர் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

"அதான் சரியா இருக்குல்லா சிஸ்டர். வெயில் ஏறுது, கெளம்புங்க."

விரட்டுகிறார். அவள் வேண்டுமென்றே படியில் உட்கார்ந்தாள். தன் பாட்டிலைத் திறந்து மெதுவாகத் தண்ணீர் குடித்தாள்.

உள்ளிருந்து மகள் வந்தாள். இருபது வயதிருக்கும். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"கலர் சரியா இருக்கா சிஸ்டர்? நீங்க கேட்டீகன்னு அப்பா சொன்னாவ, இப்பத்தான் புடிச்சுக் குடுத்தேன். நீங்க எனக்குன்னு குடுத்துவிட்ட மாத்திரைய ஒரு நாளும் விடல."

சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். பழகிய இருமல்.

சிஸ்டர் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தது இந்த வீட்டில் ஓர் ஆளுக்குத்தான், சண்முகவேலுக்கு.

ஆத்திரம் வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தாள்.

மகளின் முதுகுக்குப் பின்னால் சண்முகவேல் இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார். சொல்லிவிடாதீர்கள் என்று தலை மட்டும் ஆடியது.

யாரிடம்? மாப்பிள்ளை வீட்டாரிடமா, மகளிடமா?

சிஸ்டர் தன் பையிலிருந்து, பரிசோதனைக்குச் சளி பிடிக்கும் டப்பாக்கள் இரண்டை எடுத்தாள். ஒன்றின் மூடியில் அவர் பெயரை எழுதினாள். மற்றதன் மூடியில் பேனாவை வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒம் பேரு என்னம்மா?"