அடக்கி வைத்தது

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க? உண்மையச் சொல்லுங்க."

கட்டிலில் கிடந்த சண்முகவடிவிடம் டொக்டர் நிலக்ஷி கேட்டார். கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டும் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. வலது விலாவுக்குக் கீழே கிளம்பிய வலி அடிவயிறு வரை சுண்டி இழுத்தது. காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலேயே சுருண்டு விழுந்தவளைக் கணவன்தான் ரோட்டு வரை தோளில் சுமந்து வந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான்.

"காலையில அரைக் கோப்பை தேத்தண்ணி. அப்புறம் பொழுதுக்கு வீட்டுக்குப் போயித்தாங்க."

"நாள் முழுக்க மலையில நின்னுட்டு அரைக் கோப்பையா? ஏன்?"

"குடிச்சா ஒண்ணுக்கு வருமே, டொக்டர். அங்க எங்க போறது? நாங்க குடியிருக்குற லயத்துக்குத்தான் எறங்கணும். போய் வர முக்கா மணி நேரமாகும். கங்காணி விடமாட்டாரு. போனா அரை நாள் பேருதான், பாதிச் சம்பளந்தான்னு எல்லாரு முன்னாலயும் கத்துவாரு. அதான் அடக்கிக்கிறது."

டொக்டர் ஸ்கேன் படத்தை உயர்த்திக் காட்டினார். "இந்தா பாருங்க. கல்லு மூத்திரக் குழாயில அடைச்சிக்கிட்டு நிக்குது. மேல கிருமி பெருகி சீழ் வச்சிருக்கு. இப்பவே கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வழி திறந்துவிடணும். அது இரத்தத்துல கலந்தா..."

முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். முடித்திருந்தாலே தேவலை என்றிருந்தது வடிவுக்கு.

"பொழைச்சிருவேனா, டொக்டர்? மூத்தவளுக்கே ஒம்பது வயசுதான்."

"அதுக்குத்தான் அம்புலன்ஸ் நிக்குது. அந்தக் கங்காணி பேரு என்ன? தோட்டத்த நடத்துற தொரைக்கே கடிதம் எழுதுறேன்."

"வேணாங்க."

"வேலை போயிரும்னு பயமா?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். நாக்கு நுனி வரை வந்த பெயரை விழுங்கினாள். சொல்லிவிட்டு எந்த முகத்தோடு தோட்டத்துக்குத் திரும்புவது?

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் அவள் கணவன் நின்றான். முழங்கால் வரை சேறு. அம்புலன்ஸ் சாரதியிடம் கையைக் கூப்பி ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஒங்க வீட்டுக்காரர்கிட்ட கேக்கட்டுமா?"

"ஐயோ, அவருகிட்ட வேணாம்!"

அவள் பதறிய பதற்றத்தில் டொக்டரே ஒரு அடி பின்வாங்கினார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

"சரி, ஒங்களுக்காகச் சொல்ல வேணாம். மலையில வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?"

வடிவுக்கு மீனம்மாவின் முகம் வந்து நின்றது. பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவள். மூன்று நாளாகக் காய்ச்சல். 'ஒண்ணுக்குப் போனா நெருப்பா எரியுதுடி' என்று நேற்றுத்தான் அழுதாள். இந்நேரமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மலையில்தான் நிற்பாள். நாளைக்கு அவளும் இப்படி விழுந்தால், தூக்கி வர ஆள் கிடைக்குமோ என்னவோ.

தள்ளுவண்டி வந்தது. அதில் ஏற்றும்போது வடிவு டொக்டரின் கையை எட்டிப் பிடித்தாள்.

"கடிதத்த எழுதுங்க, டொக்டர். தொரைக்கு வேணாம், கங்காணிக்கே எழுதுங்க. மீனம்மாவ இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்க. யாரு தண்ணி குடிச்சாலும், எறங்கிப் போனாலும் இனிமே கத்தக் கூடாதுன்னு எழுதுங்க."

"எழுதுறேன். யாரு கையில குடுத்து விடுறது?"

"அந்தா, கண்ணத் தொடச்சிக்கிட்டு நிக்கிறாரே என் வீட்டுக்காரரு, அவரு கையில குடுங்க," என்றாள் வடிவு. "அவருதாங்க எங்க கங்காணி."