வாத்தியாருக்கு அவகாசம்

“எட்டு மேட்ச். ஏழு தோல்வி, ஒண்ணு சமம். அந்தச் சமமும் எதிர் டீம்காரன் பெனால்டியை வானத்துக்கு அடிச்சதால வந்தது. இதுக்கு மேல என்ன சார் பார்க்கணும்?”

துணைத் தலைவர் மேஜையைத் தட்டினார். டீ கப்புகள் குலுங்கின.

கால்பந்து கிளப்பின் கமிட்டி கூடியிருந்தது. பேச ஒரே விஷயம்தான். புதுத் தலைமைப் பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா?

வயது முப்பத்திரண்டு. போன வருஷம் வரை ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பெரிய அணி எதையும் நடத்திய அனுபவம் கிடையாது. அவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவர் தலைவர். இப்போது பயிற்சியாளர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புக்காகக் காத்திருந்தார்.

கேட் பக்கம் ஐம்பது அறுபது ரசிகர்கள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

“வாத்தியாரே, வகுப்புக்குப் போ! வாத்தியாரே, வகுப்புக்குப் போ!”

“கேட்டீங்களா? தாளம் தப்பாம கத்தறாங்க. இந்த ஒத்துமை நம்ம டீம்ல இருந்திருந்தா நாலு மேட்சாவது ஜெயிச்சிருப்போம்” என்றார் துணைத் தலைவர்.



“ஆள் தங்கமானவர்தான்” என்றார் பொருளாளர் அம்மா. “சின்னப் பசங்களுக்கு ஷூ லேஸ் கூடக் கட்டிவிடறார். ஆனா நல்லவரா இருந்தா கோல் விழுமா? விழுது, நம்ம பக்கம்தான் விழுது.”

“எனக்கும் அனுப்பிடறதுதான் சரின்னு படுது” என்றார் செயலாளர்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“எல்லாரும் சொல்லி முடிச்சாச்சா? அந்தத் தம்பிக்கு இது முதல் வருஷம். கார் ஓட்டக் கத்துக்கறவன் நாலு இடத்துல இடிக்கத்தான் செய்வான். உடனே சாவியைப் பிடுங்கிட்டா அவன் எப்போ கத்துக்கறது?”

“இடிக்கறது நம்ம காராச்சே சார்” என்று முணுமுணுத்தார் துணைத் தலைவர்.

“நீங்க கடை போட்ட முதல் வருஷம் எப்படி இருந்தது? நினைச்சுப் பாருங்க.”

துணைத் தலைவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

தலைவர் வெளியே பெஞ்சைக் கைகாட்டினார். “அவன் வந்தப்போ எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினோம். விழும்போது கை கொடுக்க வேண்டாமா?”

பொருளாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளருக்குத் தன்னை நினைத்தே கூச்சமாக இருந்தது.

“உங்க மனசு யாருக்கும் வராது சார். இருக்கட்டும், பார்க்கலாம்” என்றார் துணைத் தலைவர்.

பயிற்சியாளரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் உட்காரவில்லை. மடித்த கடிதம் ஒன்றை மேஜையில் வைத்தார்.

“உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் சார். நானே விலகிக்கறேன். பழைய ஸ்கூல்ல என் இடத்துக்கு இன்னும் ஆள் போடலை. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொன்னா திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்றாங்க.”

“எதுக்குத் தம்பி இந்த அவசரம்?”

“என்னைத் திட்டினா தாங்கிக்குவேன் சார். என் பொண்ணு ஸ்கூல் பஸ்ல ஏறினதும் பசங்க இதே பாட்டைப் பாடறாங்களாம். ‘அப்பா, நாளைலேருந்து நான் நடந்தே போறேனே’ங்கறா.”

தலைவர் எழுந்து வந்தார். கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நாலாகக் கிழித்தார். பயிற்சியாளரின் தோளில் கை போட்டார்.

“நீ என் கூடப்பிறந்த தம்பி மாதிரி. ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லட்டும், நான் இருக்கேன். இந்த சீசன் மட்டுமில்லை, அடுத்த சீசனையும் முழுசா எடுத்துக்கோ.”

பயிற்சியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே நின்று போனை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பேசினார்.

“மன்னிச்சுக்குங்க மேடம், நான் வரலை. வேற ஆள் போட்டுக்குங்க.”

சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார். அவர் தலை தெரிந்ததும் கேட்டில் சத்தம் இரண்டு மடங்காகியது.

கூட்டம் கலைந்தது. செயலாளர் கார் வரைக்கும் தலைவரோடு நடந்தார்.

“சார், நான் ஏதோ ஆத்திரத்துல பேசிட்டேன். உங்ககிட்டே கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு.”

“அட, விடுய்யா.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அவர் கட்டாயம் தேறிடுவார்னு உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையா?”

தலைவர் பதில் சொல்வதற்குள் ரசிகர்கள் அவரைப் பார்த்துவிட்டார்கள்.

“வணக்கம் தலைவரே! உங்க மேல எங்களுக்கு வருத்தமே இல்லை தலைவரே! அந்த வாத்தியாரை மட்டும் அனுப்பிடுங்க!”

தலைவர் வாயெல்லாம் பல்லாகக் கையசைத்தார். காரில் ஏறிக் கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

“தேறுவானா மாட்டானா, எனக்கென்னய்யா தெரியும்? போன வருஷம் கோலாப் போட்டுத் தள்ளின மூணு பேரையும் வேற கிளப்புக்கு வித்தோமே, இந்த எட்டு மேட்ச்ல ஒருத்தனாவது அதைப் பத்திக் கேட்டானா? உள்ளே உட்கார்ந்து அவ்வளவு பேசினீங்களே, நீங்க யாராவது கேட்டீங்களா?”

செயலாளர் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அந்தத் தம்பி அங்கே நிக்கற வரைக்கும் எவனும் கேக்க மாட்டான்.”