ஜன்னலைப் பார்த்த கேமரா

"மேடம், அந்த வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க. எங்க சமையலறை ஜன்னலுக்கு நேரா கேமரா வைக்க அவருக்கு யார் அனுமதி கொடுத்தது?"

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பெரியவர் கத்தினார்.

"இந்த வீட்டுக்காரர்கிட்ட நீங்க சொல்லுங்க மேடம். என் வீடு, என் கேமரா. திருடன் வந்தா இவரா வந்து பிடிப்பாரு?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவர் பதிலுக்குக் குரல் கொடுத்தார்.

நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார் அதிகாரி. வீடுகளில் திருட்டு அலாரமும் கேமராவும் வைக்க அனுமதி கொடுக்கும் நகராட்சிப் பிரிவு அவருடையது. பக்கத்து வீட்டுச் சண்டைகள் அவருக்குப் பழக்கம்தான். ஆனால் 'அந்த வீட்டுக்காரரும்' 'இந்த வீட்டுக்காரரும்' கூடப் பிறந்த அண்ணன் தம்பி என்பது இங்கே வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"தண்ணி மோட்டாரை யாரு ரிப்பேர் பார்க்கிறதுன்னு ஆரம்பிச்சது மேடம்," என்று தண்ணீர் கொடுக்கும் சாக்கில் கிசுகிசுத்தாள் பெரியவரின் மனைவி. புகாரில் கையெழுத்துப் போட்டிருந்தவள் அவள்தான். "பேச்சு தடிச்சு, சுவர் எழும்பி, இன்னிக்கு வரைக்கும் முகத்துல முழிக்கிறதில்ல. இப்போ கேமரா வேற! எனக்கு அடுப்படியில நிம்மதியா நிக்க முடியல."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க விதி ரொம்பச் சுலபம். கேமரா உங்க வாசலை மட்டும் பார்த்தா யாரையும் கேட்க வேண்டாம். பக்கத்து வீடு தெரிஞ்சா, அவங்க நேர்ல வந்து படத்தைப் பார்த்துச் சரின்னு சொல்லணும். ஐயா, நீங்க அங்கே வாங்க."

"நானா? அந்த வாசப்படியை மிதிக்கிறதா?"

"மிதிக்கலைன்னா உங்க புகார் தள்ளுபடி. கேமரா இப்படியே இருக்கும்."

சின்னவர் சிரித்தார்.

"நீங்க சிரிக்காதீங்க. அவரை உள்ளே விடலைன்னா கேமராவைக் கழட்டிடுவோம்."

சிரிப்பு நின்றது.

பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தம்பி வீட்டு வாசலுக்கு வந்தார். சின்னவர் ஏணியில் ஏறிக் கேமராவைப் பிடித்துக்கொண்டார். படம் தெரியும் செல்போன் அண்ணன் கையில்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பச் சொல்லுங்க மேடம்."

"இதுக்கு மேல திரும்பாதுன்னு சொல்லுங்க மேடம்."

"திருப்புற விதமா திருப்பினா திரும்பும்னு சொல்லுங்க."

அதிகாரிக்கு வாய் வலித்தது. "எனக்குச் சம்பளம் அனுமதி கொடுக்கத்தான். தூது போக இல்ல," என்று ஒதுங்கி நின்றார்.

வேகமாகக் கேமராவைத் திருப்பிய சின்னவரின் முழங்கை பக்கத்திலிருந்த அலாரத்தில் இடித்தது. தெருவையே தூக்கியது சத்தம். அவர் துள்ளிய துள்ளலில் ஏணி சறுக்கியது.

"டேய், பார்த்துடா! விழுந்து தொலைக்காதே!"

செல்போனைப் போட்டுவிட்டு ஏணியைக் கட்டிப்பிடித்தார் பெரியவர்.

"அண்ணே, விட்டுடாதே!"

"விடலடா! மெதுவா இறங்கு. இந்தச் சனியனை எப்படிடா நிறுத்துறது?"

"உள்ளே கதவு ஓரமா பெட்டி இருக்கு. நம்பரை அழுத்து!"

"என்ன நம்பர்?"

"உன் பழைய ஸ்கூட்டர் நம்பர்!"

பெரியவர் ஒரு கணம் நின்றார். தம்பியின் கால் தரையில் பட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். சத்தம் நின்றது. வெளியே வந்தவர் மூச்சு வாங்கினார்.

"அந்த ஓட்டை வண்டி நம்பரை இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கே?"

"அதைத் தள்ளித் தள்ளியே கால் தேஞ்சவன் நான். எப்படி மறக்கும்?"

பெரியவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. சின்னவரும் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து சிரித்தார். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டது சிரிப்பாலா வேறு எதனாலா என்று அதிகாரி கேட்கவில்லை.

கேமரா வாசலைப் பார்த்துத் திரும்பியது. ஜன்னல் படத்திலிருந்து மறைந்தது.

"ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார் அதிகாரி. "நீங்க ஊர்ல இல்லாதப்போ அலாரம் அடிச்சா, வந்து நிறுத்த ஒருத்தர் வேணும். பக்கத்துல இருக்கிறவரா, வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்கக்கூடியவரா இருக்கணும். யார் பேரை எழுத?"

சின்னவர் தரையைப் பார்த்தார்.

"அண்ணன் பேரையே எழுதிக்குங்க மேடம்."

பெரியவர் கையை நீட்டினார். சின்னவர் சாவியை அதில் வைத்தார்.

"சரி, அந்த மோட்டார் இப்போ ஓடுதா இல்லையாடா?"

"எங்கே ஓடுது? நீ வந்து பாரு!"

இருவரும் கொல்லைப்பக்கம் நடந்தார்கள். அங்கே போயும் ஏதோ வாக்குவாதம். ஆனால் இந்த முறை நேருக்கு நேர்.

அதிகாரியை வழியனுப்ப பெரியவரின் மனைவியும் சின்னவரின் மனைவியும் தெருக்கதவு வரை வந்தார்கள்.

"படம் பளிச்சுன்னு இருக்கே, என் வீட்டுக்கும் ஒண்ணு வாங்கணும். எந்தக் கடையிலம்மா வாங்கினீங்க?" என்று சின்னவரின் மனைவியைக் கேட்டார் அதிகாரி.

அவள் கொல்லைப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதை இதோ நிக்கிற அக்காகிட்டதான் மேடம் கேட்கணும். கேமராவை வாங்கி என் கையில கொடுத்து, 'எங்க சமையலறை ஜன்னலைப் பார்த்த மாதிரி மாட்டிடு, புகார் கொடுக்கிறதை நான் பார்த்துக்கறேன்'னு சொன்னது அவங்கதானே!"