எறும்பு சொன்ன தீர்ப்பு

"வயித்தை அப்புறம் அமுக்கிக்கலாம் மகளே, மொதல்ல வாயைத் திறந்து பாரு!"

சொன்னவள் ராம்துலாரி. டாக்டரம்மா அதுவரை குழந்தையின் வயிற்றைத்தான் தட்டிக்கொண்டிருந்தார். கண்டக் ஆற்றில் வெள்ளம் வடிந்து முதல் தோணி விட்டதும், மருமகளையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரி வரிசையை முழங்கையாலேயே பிளந்து உள்ளே நுழைந்த கிழவி அவள். தடுத்த கம்பவுண்டரிடம், "நீ பொறந்தப்போ உங்கம்மா வரிசையிலயா நின்னா?" என்று கேட்டதில், அந்த மனிதன் இன்னும் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தான்.

மருமகள் தேவந்தி முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிள்ளை பெற்ற தீட்டுக்கூட இன்னும் கழியவில்லை. குழந்தை மார்பைக் கவ்வும், நழுவும், வீறிடும். அவளுக்குக் காம்பு வெடித்து ரத்தம். குழந்தைக்கோ நேற்றிலிருந்து வீறிடவும் தெம்பில்லை.

"பால் இருக்காம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

தேவந்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இருக்கு. ஆனா என் பால் விஷம்."

"யார் சொன்னது?"

"எறும்பு."

டாக்டரம்மா அந்தப் பக்கத்துக்காரர்தான். அதனால் சிரிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைச்சன் குழந்தையும் இதே மாதிரி குடிக்க முடியாமல் கிடந்தது. தேவந்தியின் பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி, ஒரு கட்டெறும்பைப் பிடித்து உள்ளே விட்டாள் ராம்துலாரி. எறும்பு கரையேறினால் பால் அமிர்தம், செத்தால் விஷம். அந்த ஊரில் அப்படிக் கரையேறிய எறும்பு ஒன்றே ஒன்றுதான் உண்டு என்றும், அது அடுத்த பிறவியில் வார்டு மெம்பர் ஆகிவிட்டது என்றும் சொல்வார்கள். தேவந்தியின் எறும்புக்கு அந்த யோகம் இல்லை. ஆறு காலையும் உதறிவிட்டு மிதந்தது. ஊர்ப் பெண்கள் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். எறும்பின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

அன்றோடு தாய்ப்பால் நின்றது. ஆட்டுப்பாலில் தண்ணீரைக் கலந்து துணித்திரியில் நனைத்து வாயில் வைத்தார்கள். அந்தக் குழந்தை பௌர்ணமியைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு தேவந்தி எருமைக்குத் தண்ணீர் காட்டவும் பயந்தாள், தன் கை பட்டு அதுவும் போய்விடுமோ என்று.

ஆனால் இந்தத் தடவை கிழவி எறும்பு தேடவே இல்லை. "கிளம்பு" என்றாள், அவ்வளவுதான். கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார், மாமியாருக்குப் புத்தி வந்துவிட்டது என்று தேவந்தி தோணியிலேயே ஆற்றைக் கும்பிட்டாள்.

டாக்டரம்மா விரலால் குழந்தையின் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். முளைக்குச்சியில் கன்றைக் கட்டிப்போட்ட மாதிரி, ஒரு மெல்லிய சவ்வு நாக்கின் நுனியைக் கீழே இழுத்துக் கட்டியிருந்தது.

"உன் பால்ல ஒண்ணுமில்லம்மா. நாக்கு கட்டியிருக்கு. நாக்கை நீட்டிப் பிடிக்க முடியல, அதான் குடிக்கல. பட்டினி போட்டதே இந்தச் சவ்வுதான்."

கத்தரி ஒரே ஒரு முறை அசைந்தது. இரண்டு சொட்டு ரத்தம்.

"உடனே மார்ல போடு."

தேவந்தி முந்தானையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"போடு பஹு. எறும்பெல்லாம் ஊர்லயே இருக்கு" என்று மருமகளை அதட்டினாள் ராம்துலாரி.

குழந்தை கவ்வியது. நழுவவில்லை. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தேவந்திக்கு வலிக்கவில்லை, அதற்குத்தான் அவள் அழுதாள்.

"புண்ணுல வெள்ளையாப் படியும், சீழ்னு பயந்துடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "கையை நல்லாக் கழுவிட்டு நாக்கை மெதுவாத் தூக்கித் தூக்கி விடணும். இல்லேன்னா மறுபடி ஒட்டிக்கும்."

"தேன் தடவலாமா?"

"தேனும் கூடாது, உங்க வாயில இருக்கிற புகையிலையும் கூடாது."

"புகையிலை எனக்கு மகளே. அவனுக்கு நான் ஏன் குடுக்கப்போறேன்?"

அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள். புண் ஆறியிருந்தது. நாக்கைத் தூக்கிவிடும் வேலையை ராம்துலாரி வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. குழந்தை வீறிட்டால் கூடவே தானும் கத்தி, ஜெயித்த பிறகுதான் விரலை எடுத்தாள். தராசு முள் நன்றாக நகர்ந்தது. தேவந்தியின் முக்காடும் கண்ணிலிருந்து நெற்றிக்கு ஏறியிருந்தது.

டாக்டரம்மாவுக்குக் கிழவியின் மேல் மரியாதை வந்துவிட்டது. "எங்க நர்ஸுங்களே தவறவிடுற விஷயம் இது. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இதுல என்ன கண்டுபிடிக்கக் கெடக்கு? எங்க வீட்டு நாக்கே அப்படித்தான். எம்புள்ள பிர்ஜுவுக்கும் இருந்துச்சு. மருத்துவச்சி நகத்தாலயே கீறிவிட்டா. இப்போ சூரத்துல இருந்து போன் போட்டு என்னையே திட்டுறான், அவ்வளவு நல்ல நாக்கு! அந்த மருத்துவச்சி செத்துட்டா, அதான் உன்கிட்ட வந்தேன். எங்க வீட்டுல கொழந்தை விழுந்ததும் கொடி அறுக்கிறதுக்கு முன்னாடியே வாய்க்குள்ள விரலை விட்டுப் பாத்துருவேன். ஒண்ணையும் விடமாட்டேன்."

தேவந்தி நிமிர்ந்தாள்.

"போன தடவையும் பாத்தீங்களா, அம்மாஜி?"

"பாக்காம?"

"கட்டு... இருந்துச்சா?"

ராம்துலாரி பேரனின் வாயோரம் வழிந்த பாலை முந்தானையால் பதமாக ஒற்றி எடுத்தாள்.

"இருந்துச்சு" என்றாள். "ஆனா அது பொண்ணுதானே, பஹு."