ஒன்பதாம் வளைவுச் சாமி

பனி கொட்ட வேண்டிய உயரத்தில் வெதுவெதுப்பாக மழை பெய்துகொண்டிருந்தது.

ஆண்டிஸ் கணவாயில் தடுப்புக் கம்பத்தை இறக்கிவிட்டு, காவலர் அதன்மேலேயே சாய்ந்து நின்றார். கண் மட்டும் தெரியும் கம்பளிக் குல்லா. எதிரே நாற்பது லாரிகள். முதல் லாரி ரமிரோவுடையது.

"அண்ணே, பொண்ணுக்கு இன்னைக்குப் பதினஞ்சு வயசு. சாயங்காலம் மெந்தோசாவுல விருந்து. முதல் ஆட்டம் அப்பன்கூடத்தான் ஆடணும்."

இரண்டு மாதமாக விளக்குமாற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடிப் பழகுகிறாள் பெண்.

"மூணு மாசப் பனி மேல மழை விழுது, தம்பி. எந்த நிமிஷமும் மொத்தமா வழுக்கிட்டு வரும்."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. ஃபெர்மின் சாமி பாத்துக்குவாரு."

ஒன்பதாம் வளைவில் லாரியோடு பனிச்சரிவில் புதைந்துபோனவர் ஃபெர்மின். லாரிக்காரர்கள் அங்கே தகரத்தில் ஒரு குட்டிக் கோயில் கட்டியிருக்கிறார்கள். ஏழு வருஷமாக ரமிரோ அங்கே காணிக்கை வைக்காமல் தாண்டியதில்லை. வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

இன்றைய காணிக்கையை எடுத்துக் காட்டினான். மெந்தால் சிகரெட், ஒரு பாக்கெட்.

"கம்பத்தைத் தூக்குங்க. இல்லேன்னா இடிச்சுட்டுப் போவேன்." எஞ்சினை உறுமவிட்டான்.

காவலர் நகரவில்லை. குல்லாவைக் கழற்றினார். இடது காதில் பாதியைக் குளிர் தின்றிருந்தது.

"மெந்தால் வைக்கிறது நீதானா? இழுத்தா பல்லு விளக்கின மாதிரி இருக்குய்யா. அடுத்த தடவை நல்ல சிகரெட்டா வை."

ரமிரோ எஞ்சினை அணைத்தான்.

"நானும் இதே மாதிரி ஒரு மழையில, கம்பத்தைச் சுத்திக்கிட்டுப் போனவன்தான். உசிரோட தோண்டி எடுத்தாங்க. ஆஸ்பத்திரியிலருந்து நான் திரும்பறதுக்குள்ள கோயில் கட்டிட்டீங்க. உசிரோட இருக்கேன்னு சொல்லிப் பாத்தேன். சாமியைக் கேலி பண்றேன்னு அடிக்க வந்தாங்க."

சாவடித் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசப் போன ரமிரோவுக்கு "அம்மாடி" என்றதற்குமேல் வாய் வரவில்லை. காவலர் ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"அம்மாடி, ஒன்பதாம் வளைவு ஃபெர்மின் பேசறேன். உங்கப்பாவை நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

அப்பா கிளம்பும்போதெல்லாம் அந்தப் பெயருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவள் அவள்.

"சரி சாமி," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "அவரு வர்ற வரைக்கும் விளக்குமாத்தோடயே ஆடிக்கிறேன்."