லாக்லனின் முழங்கால்

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு வார்த்தை பொய் என்றால் என் அலமாரியில் இருக்கிற விஸ்கி முழுக்க மழைத்தண்ணியாகப் போகட்டும்.

"வந்துட்டாருய்யா பாவாடை ராசா!"

கிறிஸ்துமஸ் மத்தியானம். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், போர்ட்ரீ ஊரில், அக்கா இஷ்பெல் வீட்டு வாசலில் லாக்லனுக்குக் கிடைத்த வரவேற்பு இது. சொன்னது அக்கா புருஷன் ரானல்ட்.

லாக்லன், இறந்துபோன அப்பாவின் கில்ட்டை, அதாவது முழங்கால்வரை வருகிற ஆண்களின் மடிப்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷமாகப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு வருகிறான். பன்னிரண்டு வருஷமாக இதே ஏச்சு.

"காத்து அடிச்சா மானம் போயிடும்" என்றாள் அக்கா. "படகுக்குப் போறப்ப பேன்ட் போடுறேல்ல? இங்க வர்றப்ப என்ன கேடு?"

"அது வேலைக்கு. இது பண்டிகைக்கு. அப்பா இதே மேஜையில இப்படித்தானே உட்கார்ந்தாரு?"

"அப்பா காலம் அப்பாவோட போச்சு. அப்படியே நில்லு, இந்த அசிங்கத்தைப் போட்டோ புடிச்சு வைக்கிறேன்."

வருஷா வருஷம் இதுவும் உண்டு. மேஜைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, கழுத்துக்குக் கீழே மட்டும் எடுப்பாள்.

"தலையை ஏங்க்கா விட்டுடுறே?"

"உன் மூஞ்சியை வேற பாக்கணுமாக்கும்!"

சாப்பிடும்போதுதான் சேதியைச் சொன்னாள். கனடாவுக்குப் போய் ஐம்பது வருஷமான எஃபி அத்தை புத்தாண்டுக்கு வருகிறாளாம். தாத்தா ஊதிய பேக்பைப்பை, அந்தப் பை வைத்த குழல் வாத்தியத்தைக் கையோடு கொண்டுவருகிறாளாம். யாருக்குக் கொடுப்பது என்று நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வாளாம்.

லாக்லன் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அந்தக் குடும்பத்தில் பைப் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதுவும் இரவல் பைப்பில். அவன் ஊதினால் கடல்நாய்கள் கரையேறி வரிசையாக உட்கார்ந்து கேட்கும். நானே எண்ணியிருக்கிறேன். நாற்பத்தொன்று.

அக்கா குழம்புக் கிண்ணத்தை நீட்டினாள். அது சொல்லிவைத்தாற்போல அவன் மடியில் கவிழ்ந்தது.

"ஐயையோ! கழட்டிக் குடுடா தம்பி, நானே துவைச்சு வைக்கிறேன்."

தம்பி! அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! லாக்லன் உருகிப்போனான். ரானல்டின் தொளதொள பேன்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான்.

புத்தாண்டுக் காலையில் போன் செய்தான். "அக்கா, என் கில்ட்டு?"

"இன்னும் காயலை. பேன்ட்டுலயே வா. அத்தைக்கு இந்த வேஷமெல்லாம் ஆகாது. வேற எதையாவது சுத்திக்கிட்டு வந்தே, கதவு திறக்காது. சொல்லிட்டேன்."

போனான். கதவைத் திறந்தது ரானல்ட். அவன் இடுப்பில் லாக்லனின் கில்ட்.

"அத்தான்! அது என்னுது!"

"கத்தாதே" என்று பல்லைக் கடித்தாள் அக்கா. "ஒரு நாள் அவர் கட்டினா தேஞ்சா போயிடும்?"

"பன்னிரண்டு வருஷமா அசிங்கம், அசிங்கம்னு சொன்னியே!"

"உனக்கு அசிங்கம். அவருக்கு எடுப்பா இருக்கு."

லாக்லனுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. திரும்பிப் போயிருப்பான். ஆனால் கணப்புக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பைப் பெட்டி இருந்தது. அதற்கு மேலே, சுவரில், புதுசாக இரண்டு ஆணி. மாட்டுகிற இடம்கூட முடிவாகிவிட்டது!

எஃபி அத்தைக்கு எண்பத்தாறு வயது. ரானல்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"ஏம்ப்பா, மடிப்பெல்லாம் முன்னாடி இருக்கே? பின்னாடியில்ல வரணும்?"

"இப்ப இங்க இதுதான் புது மாதிரி, அத்தை" என்று முந்திக்கொண்டாள் இஷ்பெல்.

அத்தைக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ரானல்டின் முழங்காலை உற்றுப் பார்த்தாள்.

"தழும்பு எங்க?"

"எந்தத் தழும்பு அத்தை?" என்றாள் இஷ்பெல்.

"பிறை மாதிரி இருக்குமே, இடது முட்டியில!"

லாக்லன் திடுக்கிட்டான். படகுக் கயிறு அறுத்த அந்தத் தழும்பு அவனுடையது. அத்தைக்கு எப்படித் தெரியும்?

"அது... ஆறிடுச்சு அத்தை."

"போன கிறிஸ்துமஸ் வரைக்கும் இருந்துச்சே!"

அத்தை கைப்பையிலிருந்து, தபாலில் வந்த கட்டு ஒன்றை எடுத்து மேஜையில் பரப்பினாள். பன்னிரண்டு போட்டோ. தலையில்லாத பன்னிரண்டு லாக்லன்.

லாக்லன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தான். அக்காவின் குண்டுக் கையெழுத்து:

'என் கணவர் ரானல்ட். பண்டிகை நாளில் கில்ட் கட்டாதவர்களை எங்கள் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை.'

அத்தை பெட்டியைக் காலால் மெல்ல லாக்லன் பக்கம் தள்ளினாள்.

"நீ அந்தப் பேன்ட்டைக் கொஞ்சம் முட்டிக்கு மேல சுருட்டு, பாப்போம்."

சுருட்டினான். அந்த ஆணி இரண்டும் இன்றைக்கும் அங்கே சும்மாதான் இருக்கின்றன.

இதைச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள், முக்கியமாக இஷ்பெலிடம். கட்டின பெண்டாட்டி, சோறு போடமாட்டாள். ஸ்கையில் பிறந்து வளர்ந்த எனக்கு, கில்ட்டின் மடிப்பு எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமலா அன்றைக்கு அப்படிக் கட்டினேன்?