கர்வந்தகட்டுக்கு வந்த அதிகாரி

"மாலையைக் கழுத்துல போடுடா, கையில குடுக்காத!" ஊர்த் தலைவி சகுபாய் அதட்டினாள்.

கொண்டிபா போட்டான். மேளம் முழங்கியது. ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி நிம்பால்கர் ஓரடி பின்வாங்கி, "எனக்கா?" என்று கேட்டார்.

கர்வந்தகட் கோட்டையைச் சுற்றுலாத் தலமாக்கலாமா என்று பார்க்க வியாழக்கிழமை ஆள் வருவார் எனத் தாலுகாவில் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை, சரியாகப் பத்து மணிக்கு, ஜீப் வந்துவிட்டது. அனுமதி கிடைத்தால் வீட்டுக்கு ஓர் அறையை ஒழித்து விருந்தாளிகளைத் தங்கவைக்கலாம். தீபாவளி முடிந்ததும் ஊரோடு செங்கல் சூளை வேலைக்குப் போகவேண்டியதில்லை.

நிம்பால்கர் படிவத்தை விரித்தார். "கோட்டை மேல தண்ணி இருக்கா?"

"பாறையில வெட்டுன ஒன்பது தொட்டி, சாகேப். சித்திரையிலயும் வத்தாது."

"ஏழுதானே தாயி?" என்றான் கொண்டிபா.

"ரெண்டுல எருமை படுத்துக் கிடக்கு. அதுவும் தொட்டிதான், வாயை மூடு."

"குகை?"

"நாலு இருக்கு. மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாது."

"ஆள் நடமாட்டம்?"

"ஈ காக்கா வராது!" என்றாள் பெருமையாக. "ராத்திரி விளக்கு இல்ல, சத்தம் இல்ல. போன்கூட எடுக்காது."

அவர் ஒவ்வொன்றுக்கும் 'சரி' போட்டுக்கொண்டே வந்தார். "காட்டுப்பன்னி, முயல்?"

"எக்கச்சக்கம்."

"ஊர்ல ஆடு?"

"நூத்தி நாப்பது."

"பட்டணத்தானுக்குக் கறின்னா உசுரு" என்று கொண்டிபா பக்கத்து ஆளின் காதில் ஓதினான்.

நிம்பால்கரின் பேனா நின்றது. "ஒண்ணு ரெண்டு ஆடு போச்சுன்னா... பிரச்சினை பண்ண மாட்டீங்களே?"

"வீடு தேடி வர்றவங்களுக்கு இல்லாத ஆடா, சாகேப்? பத்துகூடப் போகட்டும்!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைத்ததுபோல் இருந்தது. "இதுவரைக்கும் பதினோரு ஊருக்குப் போயிட்டேன் தாயி. எல்லா ஊர்லயும் கல்லால அடிச்சுத் துரத்துனாங்க. ஒரு ஊர்ல ஜீப் டயரையே கிழிச்சுட்டாங்க."

"ஐயோ பாவம்! நல்லது தேடி வந்தா அடிக்கிறதா? குடுத்துவைக்காத ஜனங்க." சகுபாய் அவர் தட்டில் இன்னொரு பாக்ரி ரொட்டியை வைத்து, மிளகாய்த் துவையலைத் தாராளமாக அள்ளிவிட்டாள். "நாங்க எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிப் பாத்துக்குவோம்."

படிவம் மொத்தம் இருபத்து மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துக்கு இடம் இருந்ததால், எல்லோரும் அந்தப் பக்கத்தை மட்டுமே பார்த்தார்கள். அறுபத்தொரு வீட்டாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். கொண்டிபா எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் வைத்தான்.

"எப்போ சாகேப் அனுப்புவீங்க?" சகுபாய் படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். "தீபாவளிக்கு அப்புறம் ஆகிருமோ?"

"நீங்க இவ்வளவு ஆசையாக் கேக்கும்போது நான் எதுக்குத் தள்ளிப்போடணும்?"

சகுபாய் மேளக்காரனுக்குக் கண்ஜாடை காட்டினாள். மேளம் மறுபடியும் தொடங்கியது. நிம்பால்கர் பையிலிருந்து வாக்கி டாக்கியை எடுத்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்:

"ஊரே கையெழுத்துப் போட்டாச்சு, சிறுத்தை ரெண்டையும் மேல கொண்டாங்க!"